கடலூர் பஸ்ஸில் கிடைத்த பதில்

ஆண்டவரை நம்பி நாட்களைத் தள்ளிக்கொண்டிருக்கும் என் சகோதர சகோதரிகள் எல்லோருக்கும் அன்பின் வணக்கம். சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம் அதிகம். அதனால் எழுதித் தருகிறேன். என் பெயர் ரூபி. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம்.

போன வருடம் மழைக்காலத்தில் என் கணவர் தேவராஜ், குறுக்கே ஓடிய நாய்க்காக பிரேக் பிடித்து வண்டியோடு சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. ஊன்றி நடக்கவே பல மாதம் ஆகும் என்றார் டாக்டர். அவருக்கு கான்ட்ராக்ட் வேலை. போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒரு தனியார் பள்ளியின் லேபில் நான் பார்த்துவந்த தற்காலிக வேலைதான் வீட்டுக்கு ஒரே ஆதாரம் என்றானது.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். "ரூபி, வர்ற ஜூன்லேர்ந்து டிகிரி இல்லாதவங்கள லேப்ல வெச்சிக்க முடியாதும்மா. முடிச்சிட்டு வந்தா பர்மனென்ட் பண்றேன். இல்லன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

கல்யாணத்தோடு நின்றுபோன பி.எஸ்சி. இயற்பியலை அஞ்சல் வழியில் தொடர்ந்து, ஒரே ஒரு தாள் மட்டும் பாக்கி வைத்திருந்தேன். அடிப்படை இயற்பியலும் வானியலும். இரண்டு முறை எழுதித் தோற்ற தாள். மறுபடி எழுதுவதானால், வீட்டில் செய்துவரச் சொன்ன கணக்குகளோடு கடலூரில் நடக்கும் நேர்முக வகுப்புக்குப் போக வேண்டும். அங்கே விரிவுரையாளர் கூப்பிட்டு, போர்டில் ஒரு கணக்கைச் செய்து விளக்கச் சொல்வார். விளக்கத் தெரியாதவர்களுக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் இல்லை. அது இல்லாமல் பரீட்சை எழுத முடியாது.

பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள் கணக்குகள் என்னைக் கொன்றன. பூமியோடு சேர்ந்து ஒரு நாளில் ஒரு சுற்று வரும் செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒரு கேள்வி. போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் புத்தகத்தின் பின்னால் இருக்கும் விடையைவிட அதிகமாகவே வந்தது. கேட்க ஆள் இல்லை. தெரிந்த ஒரு வாத்தியார் வெளியூர் மாறிப் போயிருந்தார். யூடியூப் பார்த்தேன். பார்க்கும்போது புரியும், மூடினால் மறந்துபோகும்.

வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, எனக்குப் புரியவில்லை. யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் சொன்னேன். அழுதேன்.

மறுநாள் காலை கிளம்பும்போது தேவராஜ் கட்டிலிலிருந்தே, "வந்தது வரட்டும். நீ போய்ட்டு வா. நான் ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்" என்றார். அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புத்தகத்தை விரித்து அதே கணக்கைத் திரும்பப் போட்டேன். அதே தப்பான விடை. வடலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டமார் என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பின்னால் வந்த பஸ்கள் நிரம்பி வழிந்தபடி நிற்காமல் போயின. அந்த விரிவுரையாளர் தாமதமாக வருபவர்களை உள்ளே விடமாட்டார். புளியமரத்து நிழலில் போய் நின்றேன். ஆளை அனுப்பும் என்று கேட்டேனே, டயரை வெடிக்க வைத்தீரே என்று மனதுக்குள் ஆண்டவரோடு சண்டை போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அப்போது என்னிடம் விசுவாசம் இல்லை. கோபம்தான் இருந்தது.

"ஏங்க, அழுவுறீங்களா?"

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் குங்குமம், கழுத்தில் நிலக்கரி மைன்ஸ் அடையாள அட்டை. பெயர் தமிழரசி என்றும், மைன்ஸில் நிலம் அளக்கும் சர்வே பிரிவில் வேலை என்றும், நைட் ஷிப்ட் முடித்துக் குறிஞ்சிப்பாடியில் அம்மா வீட்டுக்குப் போவதாகவும் பிறகு சொன்னார். அப்போது நான் புத்தகத்தையும் கணக்கு நோட்டையும் நீட்டினேன்.

அவர் என் கணக்கை வரிவரியாகப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான போட்டுக்கினு வந்திருக்கீங்க. உங்க விடைலேர்ந்து புக்கு விடையக் கழிச்சிப் பாருங்க."

கழித்தேன். ஏறக்குறைய ஆறாயிரத்து நானூறு கிலோமீட்டர்.

"இது என்னா நம்பரு?"

"பூமியோட ஆரம்!" என்றேன்.

"அதாங்க. நீங்க கண்டுபிடிச்சது பூமியோட நடுவுலேர்ந்து இருக்கிற தூரம். கேட்டது தரைலேர்ந்து உயரம். மைன்ஸ்ல நாங்க ஆழத்தத் தரைலேர்ந்து அளப்போம். ஆனா ஈர்ப்புக்குத் தரையே தெரியாதுங்க. நடுவுதான் தெரியும். எந்தக் கணக்கா இருந்தாலும் மொதல்ல படம் போட்டுக்கினு, நடுவுல ஒரு புள்ளி வைங்க."

மற்ற கணக்குகளைப் புரட்டினேன். பாதிக்குமேல் அதே தப்பு.

டயர் மாற்றி பஸ் கிளம்பியது. ஓடுகிற பஸ்ஸில் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். குறிஞ்சிப்பாடி வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "உங்க ஸ்டாப்புங்க" என்றேன்.

"கண்டக்டர், கடலூருக்கு ஒண்ணு குடுங்க" என்றார் அவர். என்னிடம், "இன்னும் ரெண்டு கணக்கு இருக்குதுல்ல. வூட்டுக்கு அப்புறம் போய்க்கலாம்" என்றார். தூக்கத்தில் அவர் கண்கள் சிவந்திருந்தன.

அவர் போன் நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டு, கடலூரில் இறங்கி ஓடினேன். கதவை மூடப்போன விரிவுரையாளர் என்னை முறைத்துவிட்டு, "நீங்களே மொதல்ல வாங்க" என்றார். நான் தயாரித்து வந்த எதையும் கேட்கவில்லை. புதிதாக ஒன்று கொடுத்தார். தரையிலிருந்து எவ்வளவு உயரம் போனால் நம் எடை நான்கில் ஒரு பங்காகும்?

வகுப்பு முழுவதும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாக்பீஸ் வியர்வையில் ஈரமானது. தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்று என்று எழுதினேன். விடை, பூமியின் ஆரத்தைப்போல் இரண்டு மடங்கு என்று எழுதக் கை போய்விட்டது. நிறுத்தினேன். "இயேசப்பா" என்றேன், உதடு அசையாமல். ஒரு வட்டம் போட்டேன். நடுவில் புள்ளி வைத்தேன். இரண்டு மடங்கு என்பது அந்தப் புள்ளியிலிருந்து. தரை வரைக்குமே ஒரு மடங்கு போய்விடுகிறது. அப்படியானால் உயரம் ஒரு மடங்குதான்.

"ஏன் ரெண்டு மடங்குன்னு எழுதல? போன வாரம் முக்கால்வாசி பேரு அப்படித்தான் எழுதுனாங்க."

"சார், ஈர்ப்புக்குத் தரை தெரியாது சார்."

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "உக்காருங்கம்மா" என்றார்.

பரீட்சை எழுதினேன். தேர்ச்சி பெற்றேன். ஜூனில் வேலை பர்மனென்ட் ஆனது. தேவராஜ் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அவரும் வேலைக்குப் போகும் நாள் வரும் என்று விசுவாசிக்கிறேன்.

ரிசல்ட் வந்த அன்று தமிழரசிக்குப் போன் செய்து, "எங்க ஆண்டவர்தான் உங்கள அனுப்புனாரு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "யாரு அனுப்புனா என்னாங்க, நீங்க பாசாயிட்டீங்கல்ல" என்றார். இப்போது அவர் எனக்குத் தோழி.

அன்று டயர் வெடிக்காவிட்டால் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமலே இறங்கிப் போயிருப்போம். நான் தடை என்று நினைத்துச் சண்டை போட்டதுதான் எனக்கு வந்த பதில். முன்பெல்லாம் ஜெபம் முடிந்ததும் என்ன நடக்கப்போகிறதோ என்று பயந்துகொண்டிருப்பேன். இப்போது ஆமென் சொன்னதும் கண்ணைத் திறந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். நீங்களும் ஏதோ ஒன்று புரியாமல் அழுதுகொண்டிருக்கலாம். அது பாடமாக இருக்கலாம், வாழ்க்கையாக இருக்கலாம். புரியவில்லை என்று அவரிடம் அப்படியே சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள். அவர் கேட்கிறார்.