சூப்பரெண்டு காலி செய்த ஊர்

என் மாமனாரை வெளியே எல்லோரும் சூப்பரெண்டு என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குள் நானும் என் வீட்டுக்காரரும் அவர் காதில் விழாமல் அதையே சொல்வோம். பதிவேடுகள் வைக்கும் ஓர் அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். கடைசிப் பதினொரு வருஷம் கண்காணிப்பாளர். அவர் கண்காணித்ததெல்லாம் தன்னைப் பார்த்ததும் ஆட்கள் எழுந்து நிற்கிறார்களா என்பதை மட்டும்தான். பிறப்புச் சான்றின் நகல் கேட்டு வருகிறவரை நாலு தரம் நடக்க விடுவது அவருக்குக் கைவந்த வேலை. "முதல் தரமே தூக்கிக் குடுத்துட்டா ஒருத்தன் மதிக்க மாட்டான்" என்று சாப்பிடும்போது எனக்கே பாடம் எடுத்திருக்கிறார். நான் கூரியர் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவள். ஒரு ஆளை ஐந்து நிமிஷம் கூடுதலாக நிற்க வைத்தால் எனக்கு வசவு விழும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஓய்வு பெற்ற மறுநாளே வணக்கங்கள் நின்றுபோயின. அதை அவரால் நம்பவே முடியவில்லை. ஒரு காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பழைய அலுவலகம் வரைக்கும் நடந்து போனார். வாசலில் இருந்த புதுக் காவலாளி, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு டீயில் சர்க்கரை குறைந்தால் ஒரு சத்தம், கதவு கிறீச்சிட்டால் ஒரு சத்தம். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. அந்த மனிதருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. யாராவது ஒருவன் அவரைப் பார்த்து நிமிர்ந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒருவனும் இல்லை.

என் வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் கேம் பைத்தியம் உண்டு. மலை, காடு, கோட்டை, டிராகன் என்று விரிந்து கிடக்கிற ஒரு விளையாட்டு. இஷ்டப்பட்ட பக்கம் நடக்கலாம், இஷ்டப்பட்டவரோடு பேசலாம். அதோடு ஒட்டவைக்கும் கூடுதல் இணைப்பை மாட் என்கிறார்கள். தமிழ் தெரிந்த சில பையன்கள் சேர்ந்து ஒரு மாட் செய்திருந்தார்கள். அதைப் போட்டால் ஊர் ஜனங்கள் தமிழில் பேசுவார்கள். நாம் செய்ததை நினைவில் வைத்திருப்பார்கள், அதற்கேற்றபடி சிரிப்பார்கள், முறைப்பார்கள். சந்தையிலும் சரக்கு தீர்ந்தால் விலை ஏறும், குவிந்தால் இறங்கும்.

"அப்பா, இதுல எல்லாரும் உங்களுக்கு வணக்கம் சொல்வாங்க" என்று அவர் சொன்னார். சூப்பரெண்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதல் இரண்டு நாள் மீசை தேர்ந்தெடுப்பதிலேயே போனது. மூன்றாம் நாள் ஊர் வாசலுக்குள் நுழைந்தார். அங்கே நின்ற காவலாளி ஈட்டியைத் தரையில் தட்டி நிமிர்ந்து, "வணக்கம் ஐயா" என்றான். மாமா உட்கார்ந்த இடத்திலேயே தலையை அரை அங்குலம் அசைத்தார். பிறகு ஊருக்கு வெளியே போய்த் திரும்பவும் உள்ளே வந்தார். அன்றைக்கு மட்டும் பதினேழு தரம் வந்தார். நான் எண்ணினேன்.

அந்த மாட் இணைப்புக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. விளையாடுகிறவர்கள் அதில் தங்கள் அனுபவத்தை எழுதுவார்கள். என் வீட்டுக்காரர் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். ஒருத்தன் ரொட்டிக்காரி அசந்த நேரத்தில் ஒரே ஒரு ரொட்டியைச் சுட்டிருக்கிறான், ஒரு மாசம் அவள் அவனுக்கு எதையும் விற்கவில்லையாம். இன்னொருத்தன் கொள்ளையடித்த இருநூறு வாளைக் கொல்லனிடம் கொண்டுபோய்க் கொட்டியதில், வாள் விலை விளக்குமாற்று விலைக்கு வந்துவிட்டது. கொல்லன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டானாம். ஒரு பெண் தினமும் மறக்காமல் கிணற்றடிக் கிழவரிடம் மூட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவர் ஒரு நாள் தானாகவே ஒரு கோவேறு கழுதையைக் கொண்டுவந்து கொடுத்தாராம். இதையெல்லாம் அவர் சத்தமாகப் படித்துக் காட்டுவார். சூப்பரெண்டு காதில் வாங்கினால்தானே.

மாமா அந்த உலகத்தில் வாளை உருவவே இல்லை. தலைக்கு மேலே டிராகன் பறந்தது, அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ராஜாவின் தூதன் மண்டியிட்டு, நாட்டைக் காப்பாற்றுங்கள் என்று அழுதான். பதிலுக்குத் தேர்ந்தெடுத்துக்கொள்ள மூன்று வாக்கியங்கள் திரையில் வந்தன. மூன்றாவது, "பிறகு வா". மாமாவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த வாக்கியத்தை அமுக்கினார். அன்று முதல் யார் வந்து என்ன கேட்டாலும் அதேதான். தச்சன் ஆணி கேட்டால் பிறகு வா. பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு மூலிகை இருந்தால் கொடுங்கள் என்று ஒருத்தி வந்தாலும் பிறகு வா.

அத்தோடு விட்டாரா? விளையாட்டு முதலில் கொடுத்த குதிரையையும் வாளையும் விற்றுக் கோதுமை வாங்கினார். ஒரு களஞ்சியத்தைப் பிடித்தார். அலுவலகத்தில் பேனாவையும் காகிதத்தையும் தன் அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தவர் வேறு எப்படி விளையாடுவார்? அறுவடை வர வர மொத்தத்தையும் உள்ளே தள்ளிப் பூட்டினார். ரொட்டி விலை எகிறியது. ஜனங்கள் அவர் வாசலில் வரிசையில் நின்று குனிந்து கும்பிட்டார்கள். அவர் வேண்டும்போது ஒரு மூட்டை கொடுப்பார், வேண்டாதபோது பிறகு வா.

ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஓர் எண் தெரியும். நம்மை அவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதன் கணக்கு அது. அவர் ஊரில் அது பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது.

"அப்பா, அந்த நம்பர் குறைஞ்சுட்டே போகுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"கும்பிடுறானா இல்லையா? அதைப் பாருடா. நம்பரு கிம்பருன்னுகிட்டு."

பயந்து குனிகிறவனுக்கும் பிடித்துக் குனிகிறவனுக்கும் வித்தியாசம் தெரியாமலே ஒரு மனிதர் முப்பத்தாறு வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறார்.

ஒரு மதியம் நான் வேலை முடிந்து வந்தபோது ஹாலில் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். திரையில் ஊர் இருந்தது, ஆள் இல்லை. ரொட்டிக்காரியின் அடுப்பு அணைந்திருந்தது. கொல்லன் பட்டறையில் ஒரு நாய் படுத்திருந்தது. ஊர் வாசலில் ஈட்டி மட்டும் சுவரில் சாய்ந்திருந்தது. இவர் தெருத் தெருவாக நடந்து கதவுகளைத் தட்டினார். களஞ்சியத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை கோதுமை பத்திரமாக இருந்தது.

"எல்லாம் எங்க போய்த் தொலைஞ்சானுங்க?" என்று என்னைக் கேட்டார், ஏதோ நான் ஒளித்து வைத்த மாதிரி.

"பசிச்சுதோ என்னமோ மாமா."

அன்று சாயங்காலம் அந்த இணையப் பக்கத்தில் புகார் எழுதினார். மற்றவர்கள் எல்லாம் ப்ரோ, மச்சி என்று எழுதுகிற இடத்தில், 'பெறுநர்: மாட் தயாரிப்பாளர் அவர்கள். பொருள்: குடிமக்கள் முன்னறிவிப்பின்றிக் காணாமற்போனது தொடர்பாக' என்று தொடங்கி, காவலாளியை மட்டுமாவது உடனடியாக மீண்டும் பணியில் அமர்த்த ஆவன செய்யுமாறு கேட்டு, இப்படிக்கு என்று முடித்து, பதவியையும் போட்டு, அடைப்புக்குறிக்குள் ஓய்வு என்றும் சேர்த்திருந்தார். என் வீட்டுக்காரர் தட்டச்சு செய்து கொடுத்தார். வெட்கத்தில் அவர் காது சிவந்திருந்தது.

மறுநாள் மாட் செய்த பையனே பதில் போட்டிருந்தான். "சார், இது பிழை இல்ல. உங்களை வெறுத்துட்டுதான் ஊரை விட்டுப் போயிட்டாங்க. சந்தையில இருக்கிற மணிக்குக் கீழ நின்னு மன்னிப்புக் கேட்டீங்கன்னா திரும்பி வருவாங்க. களஞ்சியத்தையும் திறக்கணும். அவ்வளவுதான் சார்." அதற்குக் கீழே இன்னொருத்தன், "தலைவா, டிராகன் எரிச்சுக்கூட காலியாகாத ஊரைக் காலி பண்ணின முதல் ஆள் நீங்கதான்!" என்று எழுதியிருந்தான்.

"முதல் ஆள்னு எழுதியிருக்கான் பாரு" என்று மாமா எல்லோரிடமும் காட்டினார்.

பிறகு போய் மணிக்குக் கீழே நின்றார். திரையில் எழுத்து வந்தது. 'தவறு என்னுடையது. உங்களைக் காக்க வைத்தேன். உங்கள் பசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். மன்னியுங்கள்.' ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அவர் விரல் அதற்கு மேலே போய் நின்றது, திரும்பி வந்தது.

இப்படி மூன்று நாள். மறுபடி சாப்பாடு இறங்கவில்லை, மறுபடி சத்தம். "இந்தப் பையனுக்கு மேலதிகாரி யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும், "அப்ப இது என்ன நிர்வாகம்?" என்றார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் இதை அமுக்கேன்மா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"கண்ணாடி உங்க மூக்கு மேலதான் மாமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு திருப்தியாக ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

அடுத்து யாரைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். என் மாமியாரை, அத்தையைத்தான். எங்கள் வீட்டில் மன்னிப்பு என்பது அவள் இலாகா. இவர் விரட்டியடித்த பால்காரர், குழாய் சரிசெய்கிறவர், கீழ் வீட்டுக்காரர், ஏன், கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு கிளம்பிய என் அம்மாகூடத் திரும்பி வந்தது அத்தை பின்னாலேயே ஓடிப்போய், "அவர் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க, நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று கையைப் பிடித்ததால்தான். இவருக்கு அதெல்லாம் தெரியாது. தன் மதிப்பைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்று நினைப்பு.

அத்தை ஈரக் கையோடு வந்து நின்றாள். திரையை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இந்த ஊர்க்காரங்க எல்லாம் எங்க?"

"ஓடிட்டாங்க. நன்றி கெட்ட ஜனம். நீ அந்தப் பொத்தானை அமுக்கு."

அவள் உடனே அமுக்கவில்லை. எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாக, சத்தமாகப் படித்தாள். 'உங்கள் பசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்' என்ற இடத்தில் நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார். அத்தை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினாள்.

"இந்தக் கோதுமையைக் குடுக்க எதை அமுக்கணும்?"

"எல்லாத்தையும் குடுக்காதே! பாதி வை!"

நான் சமையலறை வாசலில் நின்றபடியே எந்தப் பொத்தான் என்று சொன்னேன். அவள் நானூற்றுப் பன்னிரண்டு மூட்டையையும் கொடுத்தாள்.

மலைப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக ஜனங்கள் இறங்கி வந்தார்கள். ரொட்டிக்காரியின் அடுப்பு புகைந்தது. காவலாளி ஈட்டியை எடுத்துத் தரையில் தட்டினான். "வணக்கம் ஐயா. பெரிய மனசு உங்களுக்கு" என்றான். அந்த விளையாட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது, யார் விரல் என்பதற்கு மட்டும் இல்லை. மாமா நாற்காலியில் நிமிர்ந்தார்.

"பாத்தியா? வராம எங்க போவானுங்க?"

அத்தை கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்துக்குத் திரும்பிப் போனாள். எனக்கு அவர் மேல் வந்ததைவிட அவள் மேல் அதிகமாகக் கோபம் வந்தது. பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"எதுக்கு அத்தை அமுக்குனீங்க? கிடக்கட்டும்னு விட்டிருக்கலாம்ல?"

"அவர் மன்னிப்புக் கேக்க மாட்டாரும்மா. அதுக்காக அந்த ஜனங்க தெருவுல கிடக்கணுமா?"

"அதெல்லாம் பொம்மை அத்தை."

"தெரியும்" என்றாள். "எனக்கு அதுங்களைத் திரும்பக் கூப்பிடணும்னு இருந்துச்சு. கூப்பிட்டேன்."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். சூப்பரெண்டு மறுநாளே, ஊர் திரும்பிவிட்டது, நானூற்றுப் பன்னிரண்டு மூட்டையும் வழங்கப்பட்டது, தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அந்தப் பக்கத்தில் அறிவித்தார். மாட் செய்த பையன் உருகிப்போய் ஒரு கடிதமே எழுதிவிட்டான். மாமா அதை அச்செடுத்து வரச் சொன்னார். சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை காலை எங்களை எல்லாம் ஹாலில் உட்கார வைத்து, தாளை அத்தையிடம் நீட்டினார்.

"படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

அத்தை படித்தாள். "'ஐயா, தப்பு என் மேலதான்னு சொல்ற மனசு எல்லாருக்கும் வராது. இதுவரைக்கும் சின்னச் சின்னத் தப்புக்கு இந்த மணிக்குக் கீழ நின்ன முக்கால்வாசிப் பேர் பாதியிலேயே போயிட்டாங்க. கோதுமையில ஒரு மூட்டைகூட மிச்சம் வைக்காம குடுத்தது நீங்க ஒருத்தர்தான். உங்களை மாதிரி ஒருத்தருக்காகத்தான் நாங்க இதைச் செஞ்சோம். வணக்கம்.'"

மாமா தாளுக்காகக் கையை நீட்டினார். அத்தை கொடுக்கவில்லை. அதை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

"இது எனக்கு வந்தது" என்று சொல்லி உள்ளே எடுத்துப் போனாள்.

சூப்பரெண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். திரையில் வருகிற மாதிரி பதிலுக்கு மூன்று வாக்கியங்கள் எங்கேயாவது வருமா என்று தேடினார். நீட்டிய கை அப்படியே இருந்தது.