பினாங்குப் பிள்ளைக்காகக் குளித்தவர்கள்

பினாங்கிலிருந்து வந்த போட்டோவில் அவள் ஒரு உயரமான பூச்சாடி மேஜையின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். ஸ்டூடியோக்காரர் சிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும், உதடு மட்டும் சிரித்திருக்கும். போட்டிருக்கும் கவுன் கறுப்பு வெள்ளையில் சாம்பலாகத் தெரிந்தாலும் அது இளம்பச்சை என்று எனக்குத் தெரியும். அதே துணியில் தைத்த இன்னொரு கவுன் தென்காசியில் என் உடம்பில் இருந்தது. சித்தப்பா பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மகளுக்குத் துணி கிழிக்கும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துக் கிழித்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து விடுவார். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஏறக்குறைய ஒரே உயரம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், பேய் பிசாசு என்று யாராவது வந்தால் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுத் துளைத்துவிடுவேன். ஆனாலும் அந்தப் பெயரை மட்டும் காரணமில்லாமல் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன். இப்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காலையில் இட்லி தின்றதைக்கூட மத்தியானத்துக்குள் போனில் படமாக அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கு ஒரு காய்ச்சல் வந்த செய்தி எங்களுக்கு வந்து சேரும்போது அங்கே அந்தக் காய்ச்சல் போயிருக்கும், இல்லாவிட்டால் பிள்ளை போயிருக்கும். நடுவில் இருக்கிற நாட்களில் இங்கே இருப்பவர்கள் என்ன செய்வது? என் பெரியம்மா ஒன்று செய்தாள்.

பெரியம்மா என்றால் அம்மாவின் மூத்த அக்கா. கல்யாணமான கையோடு கணவரை இழந்து, தாயில்லாத தங்கைகள் இருவரையும் வளர்த்து ஆளாக்கியவள். மூத்த தங்கையான என் அம்மாவோடு அவள் நாளெல்லாம் சண்டை போடுவாள். இளையவளான சித்தியின் மேல் வைத்திருந்தது வேறு வகைப் பிரியம். சித்தி கப்பல் ஏறியபின் அந்தப் பிரியம் முழுவதும் நேரில் பார்க்காத அந்தப் பிள்ளையின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. பிள்ளையோ நோஞ்சான். சித்தியின் ஏர்மெயில் கடிதங்கள் எல்லாம் 'நலம், நலமறிய அவா' என்று தொடங்கி மூன்றாவது வரியில் ஜன்னிக்குப் போய்விடும். மழை பிடித்தால் காய்ச்சல், காய்ச்சல் கண்டால் கண் செருகல், பல் கிட்டிக்கொள்ளுதல். அப்பா சத்தமாக வாசிக்க, பெரியம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்பாள்.

ஊரில் இல்லாதவர் பேரைச் சொல்லி ஆற்றில் ஒரு முழுக்குப் போடுவது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. தாமிரபரணிக்குப் போனால் கடை வேலைக்குக் கொழும்பு போன மாமாவுக்கு ஒரு முழுக்கு, பட்டாளத்துக்குப் போன அண்ணனுக்கு ஒரு முழுக்கு என்று போட்டுவிட்டு வருவார்கள். பெரியம்மா அதைத் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டாள். ஆனி, ஆடியில் சாரல் பிடித்ததும் குதிரை வண்டி வைத்து என்னைக் குற்றாலத்து ஐந்தருவிக்குக் கூட்டிப் போவாள். முதலில் எனக்காக நான் குளிக்க வேண்டும். அப்புறம் ஈரத்தோடு பாறையில் நிறுத்தி, பினாங்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். நான் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அருவியின் ஐந்து கிளைகளில் ஓரத்துக் கிளையில் விழும் தண்ணீருக்குள் தலையைக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, என் சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவாள். அதற்கும் "வந்துட்டேன்" சொல்லி வெளியே வந்தால், தலை துவட்டி, நெற்றியில் மஞ்சள் இட்டு, கடையில் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கித் தருவாள்.

"நீயே குளிச்சா என்ன பெரியம்மா?" என்று ஒரு முறை கேட்டேன். "பிள்ளைக்குப் பிள்ளைதான் குளிக்கணும். வயசுக்கு வயசு ஒத்து வரணும்லா. கெழடு போயி நின்னா தண்ணிக்கு அடையாளம் தெரியாண்டாமா?" என்றாள். எனக்கு எட்டு வயதிருக்கும். தண்ணீருக்கு என்னை அடையாளம் தெரியும் என்ற நினைப்பு பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்தத் தண்ணீருக்குள் நின்றால் வெளியில் எதுவும் கேட்காது. பெரியம்மா கூப்பிடுவது மட்டும் எப்படியோ கேட்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம் அது. எனக்காகக் குளித்தாயிற்று. பினாங்குப் பிள்ளை பெயருக்கு "வந்துட்டேன்" சொல்லி உள்ளே போனேன். நின்றுகொண்டிருக்கும்போதே தண்ணீரின் எடை மாறியது. தோளில் சுள்ளிகள் வந்து விழுந்தன. கண்ணைத் திறந்தால் தண்ணீர் செம்மண் நிறமாக இருந்தது. "தண்ணி கூடுது, வெளியே வாங்க, வெளியே வாங்க" என்று யாரோ கத்த, யாரோ ஓர் அம்மாள் என் முடியைப் பிடித்து இழுத்துப் பாறையில் போட்டாள். பெண்கள் எல்லோரும் சேலையைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம் வண்டியில்தான் நின்றது.

வண்டி மேலகரம் தாண்டும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "பெரியம்மா, என்னைக் கூப்பிடலியே" என்றேன். "அதான் கையப் புடிச்சிக் கூட்டிட்டுல்லா வாரேன். பேசாம இரிட்டி" என்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சாலையைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் இடவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அடுத்த கடிதத்தில் ஜன்னி இல்லை. அதற்கடுத்த கடிதத்தில், பிள்ளை இரண்டாம் தரம் சோறு கேட்கிறாள் என்று சித்தி எழுதியிருந்தாள். பினாங்கில் விடாமல் மழை பெய்தும் ஒரு தும்மல் இல்லையாம். ஸ்கூலுக்கு ஓடிப் போகிறாளாம். பெரியம்மா அந்தக் கடிதத்தை அப்பாவை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னாள். தீபாவளிக்கு வந்த போட்டோவில் அந்த இளம்பச்சைக் கவுன் அவளுக்கு அக்குளில் பிடித்தது. அம்மா அதே வாரம் என் கவுனின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், தோளில் நிற்காமல் வழிந்ததால்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பசிக்கவில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் வாசிக்கும்போது என் பெயர் வந்து போவதை நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளையின் பெயர் மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவள் கிள்ளிய பிறகுதான் "ஆஜர் சார்" என்பேன். திமிர் என்று வாத்தியார் முட்டி போட வைத்தார். டாக்டர் பூச்சி என்றார், பூச்சி மருந்தும் குடித்தேன். ஒரு நாள் மத்தியானம் அப்பா பினாங்குக் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் அவள் பெயர் வந்தது. அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான், "ஏன், வந்துட்டேன்" என்று எழுந்து போனேன். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் பெரியம்மாவைப் பார்த்தாள்.

அன்றைக்கு அம்மா என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கொல்லையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நான் கிணற்றடியில் நின்று கேட்டேன்.

"ஒரு எட்டு ஐந்தருவிக்குப் போயிட்டு வந்துருவோம்க்கா. புள்ளையக் கூப்பிடு. ஒரு வார்த்தைதான?"

"சாரல் முடிஞ்சிட்டுட்டி. தண்ணி இல்ல."

ஐப்பசி மழையில் தண்ணீர் வந்தது. குளிர் என்றாள் பெரியம்மா. தை பிறக்கட்டும் என்றாள். கடைசியில் ஒரு நாள் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டாள். "அங்கன அது இப்பத்தான் எந்திச்சு நடமாடுது. இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கோட்டி. ஒம்புள்ளைக்கு நாம அத்தனை பேரும் பக்கத்துல இருக்கோம்லா."

"எம்புள்ள கூப்பிட்டா திரும்ப மாட்டுக்கா" என்று அம்மா சொன்னாள். "பக்கத்துல இருந்து நான் என்ன செய்ய?"

இந்த இடத்தில் பெரியம்மாவைக் கெட்டவளாக்கி எழுதிவிடுவது எளிது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அந்த மாதங்களில் ராத்திரிச் சோற்றை எனக்குப் பிசைந்து ஊட்டியது அவள்தான். ஊட்டும்போது கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். இரண்டு பிள்ளைகளும் அவளுக்கு வேண்டும். ஒன்றைக் கூப்பிட்டால் இன்னொன்று போய்விடும் என்று அவள் முழுக்க நம்பினாள்.

மறு வருஷம் சாரல் விழுந்த அன்றே அம்மா வண்டியைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டாள். மூன்று பேரும் போனோம். அதே ஓரத்துக் கிளை. என்னை உள்ளே நிறுத்திவிட்டு அம்மா, "கூப்பிடுக்கா" என்றாள். தண்ணீருக்குள் இருந்து பார்த்தேன். பெரியம்மாவின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. வழக்கமாக எனக்கு மட்டும் கேட்கும் அந்தக் குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது, கால் மரத்துவிட்டது. இனி இங்கேயேதான் என்று நினைத்தேன். அழுகைகூட வரவில்லை. அப்போது அம்மா சேலையோடு தண்ணீருக்குள் பாய்ந்து வந்து, என் காதில் வாயை வைத்து என் பெயரைக் கத்தினாள். மூன்று தரம் இல்லை, எத்தனையோ தரம். "வந்துட்டேம்மா" என்றேன். அதற்கப்புறம்தான் குளிர் தெரிந்தது. பசியும் தெரிந்தது. பாறையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அம்மா எனக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா கொண்டையை அவிழ்த்தாள். மூக்குத்தியைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் வண்டிக்குப் போங்கட்டி" என்றாள். "என்னைக் கூப்பிடாதிய."

தானே அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். தானே "வந்துட்டேன்" என்றாள். குழந்தை பதில் சொல்வதுபோல் மெல்லிசாக இருந்தது அந்தக் குரல். பாறையைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய்த் தண்ணீருக்குள் நின்றாள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்க என்னையும் விடவில்லை. வெகு நேரம் கழித்துப் பெரியம்மா தானாக வந்து, விரித்த தலையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

பினாங்கிலிருந்து எப்போதும்போல் நல்ல செய்திகளே வந்தன. பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கினாள், மலாய்ப் பாட்டுப் பாடினாள், பெரிய மனுஷியானாள். இங்கே நான் தின்று தின்று உருண்டையானேன். பெரியம்மாவுக்குக் காது போய்விட்டது என்று தெருவில் சொன்னார்கள். அக்கா என்றாலும் திரும்ப மாட்டாள், பெரியம்மா என்றாலும் திரும்ப மாட்டாள், சொந்தப் பெயரைச் சொன்னாலும் திரும்ப மாட்டாள். தொட்டால்தான் பார்ப்பாள். ஆனால் அடுக்களையில் பால் பொங்கும் சத்தம் கேட்டு முதலில் ஓடுவது அவள்தான். பினாங்குக் கடிதம் வந்தால் முன்போல் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அப்பா வாசிக்கத் தொடங்கினால் சின்னதாகச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். தன்னைப் பற்றிய செய்தியைத் தனக்கே வாசித்தால் யாருக்கும் கூச்சமாகத்தானே இருக்கும்.

அம்மா அவளை மறுபடி அருவிக்குக் கூட்டிப் போகவில்லை. போவோமா என்று நான் கேட்டபோது, "அவ வேண்டாம்னுட்டுல்லா போனா" என்று மட்டும் சொன்னாள்.

அறுபதுகளின் கடைசியில், மகளுக்குக் கல்யாணம் பண்ணுவதற்காகச் சித்தியும் சித்தப்பாவும் ஊருக்கு வந்தார்கள். அப்போதுதான் முதல் முறையாக அவளைப் பார்த்தேன். நல்ல உயரம், நல்ல நிறம், வீட்டையே நிறைக்கிற சிரிப்பு. பெரியம்மா கட்டிலோடு இருந்தாள். சுருங்கிச் சுருங்கி எட்டு வயதுப் பிள்ளை அளவுக்கு ஆகியிருந்தாள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, நான் வந்திருக்கேங்க்கா, பாருக்கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். பெரியம்மா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அந்த நேரம் கொல்லையில் கால் கழுவப் போன சித்தப்பா, துண்டு கொண்டு வரச் சொல்லி மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"இதோ வரேன்ப்பா" என்றாள் அவள், வாசல்படியிலிருந்து.

"வந்துட்டேன்" என்றாள் பெரியம்மா, கட்டிலிலிருந்து. சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

சித்திக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது. கட்டிலின் தலைமாட்டில் மண்டியிட்டு, அத்தனை வருஷமாகத் தான் சொல்லாத அக்காவின் பெயரைச் சொல்வதற்காகக் குனிந்தாள். முதல் எழுத்து வாயில் வருவதற்குள் பெரியம்மாவின் கை எழும்பி வந்து அம்மாவின் வாயைப் பொத்தியது. வாசல்படியில் அந்தப் பெண் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, என்ன விஷயம் என்று சிரித்தபடி நின்றாள். பெரியம்மா அவளை ஒரு தரம் முழுசாகப் பார்த்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

பொழுது சாயும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அம்மாவும் விலக்கவில்லை, உள்ளங்கைக்குள் மூச்சு விட்டுக்கொண்டு மண்டியிட்டபடியே இருந்தாள். விளக்கு ஏற்றுகிற நேரத்தில் கை தானாக நழுவி விழுந்தது. அதற்குப் பிறகுதான் அம்மா "அக்கா, அக்கா" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்.