என் கையால் தட்டிய குற்றச்சாட்டு

குற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை நான் அகராதியில் கற்கவில்லை. அரக்கோணத்தில் ஓர் அலுவலகத்தில் முப்பதாண்டுகள் தட்டச்சராக இருந்து, பிறர்மீது சுமத்தப்பட்டவற்றைத் தாளில் ஏற்றி ஏற்றிக் கற்றேன். அங்கே சொல் அமைவது செயலைப் பார்த்தல்ல. செய்தவர் அமர்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்து. அதிகாரி செய்தால் ‘இர்ரெகுலாரிட்டி’, ஏதோ ஒழுங்கு சற்றுக் குலைந்தது என்று பொருள். எழுத்தர் செய்தால் ‘மிஸ்காண்டக்ட்’, நடத்தைக் கேடு. வாயிற்காவலர் செய்தால் தயக்கமே இல்லை, ‘தெஃப்ட்’.

என் கண்காணிப்பாளரும் திருத்தணிக்காரர். என்னைப் போலவே ரயிலில் போய் வந்தவர். என்னைப் போலவே எங்கள் பாராயணக் குழுவில் ஒருவர். அவர் மேசையில் ஒரு கோப்பு மாதக்கணக்கில் தூங்கிவிட்டது. அது தாமதமாகத்தான் வந்தது என்று காட்டப் பதிவேட்டில் தேதியைத் திருத்தினார். ஓரத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டார். விசாரணை வந்தபோது, பதிவேட்டைப் பொய்யாகத் திருத்தியதாக என்மீது ‘ஃபோர்ஜரி’ என்று எழுதினார். தமக்கு ‘ஓவர்சைட்’ என்று எழுதிக்கொண்டார், கவனிக்கத் தவறிவிட்டாராம்.

“யோவ், இத்த மூணு காப்பி அடிச்சுக் குடு” என்று அந்தத் தாளை என்னிடமே நீட்டினார். அடித்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

பதவியில் இறக்கினார்கள், அதைப் பொறுத்தேன். பொறுக்க முடியாதது வேறு. டிசம்பர் கடைசி நாளில் படிக்கு ஒரு பாட்டாகப் பாடி மலையேறுவது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் குழுவில் முதற்படிப் பாட்டைத் தொடங்குபவர்மீது எந்தப் பழியும் இருக்கலாகாது. அந்தப் பாட்டு என் தந்தைக்குப் பின் எனக்கு வந்தது. அலுவலகச் செய்தி மாலை ரயிலிலேயே ஊர் வந்து சேர்ந்தது. பாட்டை என்னிடமிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தார்கள். பதினாறு ஆண்டுகள் அவர் முதற்படியில் நின்று பாடினார். நான் பின்வரிசையில் தாளம் தட்டினேன். சன்னதியில் நான் வேண்டியது ஒன்றே: இவர் என் வாசலுக்கு வரவேண்டும்.

சென்ற மார்கழித் தொடக்கத்தில் வந்தார். கையில், சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு அவன் கம்பெனி அனுப்பிய நோட்டீஸ். ஓர் இயந்திரத்தைப் பரிசோதிக்காமலே பரிசோதித்ததாகக் கையொப்பமிட்டிருக்கிறான். ‘ஃபிராட்’, மோசடி என்று எழுதியிருந்தார்கள். ஜனவரி முதல் வாரத்துக்குள் பதில் தரவேண்டும். இத்தகைய பதில்களை எழுதித் தருபவன் இவ்வூரில் நான் ஒருவனே.

‘யோவ்’ என்றவர் இப்போது அண்ணா என்றார்.

“அண்ணா, பையன் ஏதோ மிஸ்டேக் பண்ணிட்டான், அவ்ளோதாங்க. அத்தப் போயி ஃபிராடுன்னு எழுதிக்கிறாங்க.”

“மிஸ்டேக்கா? நல்ல வார்த்தை சார். அன்னிக்கு எனக்கு ஏன் அது கெடைக்கல?”

“பழசெல்லாம் இப்போ எதுக்குங்க?”

வெள்ளைத்தாளை அவர் முன் வைத்தேன். “மொதல்ல உங்களுது. தேதிய மாத்துனது யாருன்னு எழுதுங்க. அப்பால பையனுது.”

‘எர்ரர்’ என்று எழுதினார். கோடு போட்டு அடித்தேன். ‘லாப்ஸ்’, சறுக்கல் என்று மாற்றி எழுதினார். அதையும் அடித்தேன்.

“இன்னும் இன்னாங்க வேணும் உங்களுக்கு?”

“என்னாண்ட டைப் அடிக்கக் குடுத்தீங்களே, அந்த வார்த்தை.”

பேனாவை மறுபடி எடுத்து ‘ஃபோர்ஜரி’ என்று எழுதினார்.

“இத்த நம்ம குழு முன்னால, முதற்படில நின்னு படிக்கணும்.”

“மானம் போய்டும்ங்க.”

“ஆங், போவும். எனக்குப் போச்சே.”

மகனுக்கான பதிலை அன்றே எழுதினேன். ‘நெக்லிஜென்ஸ்’ என்ற சொல்லை இட்டேன். அவன் செய்தது அசட்டை, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அவன்மீது எனக்குப் பகை கிடையாது. ஆயினும் அந்தத் தாளை விழா நாள்வரை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

அன்று காலை அவர் முதற்படியில் ஏறி நின்று, தாம் எழுதிய தாளைப் பிரித்தார். மேளச் சத்தத்துக்கிடையே ஆங்கிலத்தில் கடகடவென்று படித்து முடித்தார். பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஒருவர் கைதட்டி, “இன்னா சார், புது வருசத்துக்கு இங்கிலீஷ்ல வாழ்த்தா? பலே!” என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆங்கிலத்துக்குள் ஒளிந்துகொள்ளும் வித்தை அவரை விட்டுப் போயிருக்கவில்லை.

மேளத்தை நிறுத்தச் சொன்னேன். தாளை வாங்கி எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் படித்தேன்: “தேதியைத் திருத்தியவன் நான். இவருடைய கையொப்பத்தைப் பொய்யாக இட்டவன் நான். பழியை இவர்மேல் போட்டவனும் நான்.” பிறகு அவரைப் பார்த்துக் கேட்டேன்: “இது உங்க எழுத்துதானே சார்?”

“ஆங்” என்றார், தரையைப் பார்த்து.

கைதட்டிய நெசவாளர் விலகி எனக்கு வழிவிட்டார். மகனுக்கான பதிலைக் கண்காணிப்பாளரின் சட்டைப்பையில் வைத்துவிட்டு முதற்படியில் ஏறினேன்.

நான் வாழ்நாளெல்லாம் ஓதிய பாடல்களைச் செய்த அடியார்கள், கொடுஞ்சொல் எதையும் பிறருக்கென்று வைக்கவில்லை. பொய்யன், கள்வன், கடையன் எல்லாவற்றையும் தமக்கே சூட்டிக்கொண்டார்கள். பாடுகிறவனும் கண்ணை மூடி அவற்றைத் தன்மேல் ஏற்றிக்கொள்வதே முறை. அன்று நான் கண்ணை மூடவில்லை. அத்தகைய சொல் வந்த ஒவ்வோர் அடியையும் அவர் முகத்தைப் பார்த்தே பாடினேன். முருகன் என்ன எண்ணினானோ, அறியேன். குரல் ஓரிடத்தும் நடுங்கவில்லை.