கல்யாண ரோல்

மீன் வாங்காமல் ஐஸ் மட்டும் கேட்டு மீன்காரி முன்னால் நின்ற ஆள் தாராவி மார்க்கெட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவிப் பார்க்க வேண்டும் என்ற கிறுக்கு எனக்கும் என் சகலைக்கும் ஒரே சமயத்தில் பிடித்திருந்தது. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். செம்பூரில் ஒரு கம்பெனியில் கிளார்க். டெவலப்பர் மருந்து இருபது டிகிரியில் இருக்க வேண்டும் என்று, ஃபிலிம் கழுவ வாங்கிய டேங்கோடு வந்த துண்டுத்தாளில் போட்டிருந்தது. மே மாதத்தில் எங்கள் குழாயில் வருவதோ பாதி வெந்நீர். அதனால் மருந்து பாட்டிலை வாளியில் நிறுத்தி, சுற்றிலும் மீன்காரி கொடுத்த ஐஸைப் போடுவோம். வீடு முழுக்க மீன் வாடை அடிக்கும். என் மனைவி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் முறைப்பாள்.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. இருட்டுக்கு எங்கே போவது? ரஜாய் போர்வையை இரண்டாக மடித்து, அதற்குள் இரு கைகளையும் விட்டு, தடவித் தடவியே ஃபிலிமைச் சுருளில் ஏற்றி டேங்கில் போட்டு மூடுவேன். அதுவரை எனக்கு வேர்வை ஆறாக ஓடும். மூடிவிட்டால் பிறகு வெளிச்சத்திலேயே வேலை செய்யலாம். சகலை துண்டுத்தாளின் இங்கிலீஷைப் படித்துச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் எண்ணுவார். முதலில் படத்தை வரவழைக்கும் டெவலப்பர், பிறகு அதை நிலைக்க வைக்கும் ஹைப்போ என்று பாட்டிலை எடுத்துக் கொடுப்பது நான். முதல் ரோலைத் துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டபோது என் மனைவி கறுப்பு முகமும் வெள்ளை முடியுமாக வரிசையாகத் தொங்கினாள். நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவ்வளவு சந்தோஷம்.

மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறை வைத்து நிமிர்ந்தவர். பம்பாயில் பிறந்த பிள்ளைகள் தமிழ் எழுத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய தீராத குறை. தமிழ் வாசிக்கத் தெரியாதவனுக்கு என் பெண்ணைத் தரமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். நான் ஊரில் படித்தவன், எனக்குச் சிக்கல் இல்லை. சகலை பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டில் தமிழ்ப் பேப்பரை விரித்துவிட்டால் அவரை எழுப்பவே முடியாது. நானும் அவரைப் பெரிய படிப்பாளி என்றே நினைத்திருந்தேன்.

கடைசி மச்சினிக்குக் கல்யாணம் வந்தது. மாமனார் மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் பேசி வைத்திருந்தார். நான்தான் குறுக்கே விழுந்து, நானே எடுக்கிறேன் மாமா என்று அவரை நிறுத்தினேன். முப்பத்தாறு படம். தாலி கட்டியது, மாலை மாற்றியது, மச்சினி மாமியார் காலில் விழுந்தது எல்லாம் அந்த ஒரு ரோலில் இருந்தன. மறுநாள் மாலை அதைக் கழுவ உட்கார்ந்தோம். படத்தைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று மாமனாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மருந்து இரண்டையும் அன்று காலைதான் புதிதாகக் கலக்கி, ஒரே மாதிரியான இரண்டு பாட்டில்களில் ஊற்றி, எனக்குக் கைவந்த தமிழில் பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். ஃபிலிமை டேங்கில் போட்டு மூடுகிற நேரம் சந்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. என் மனைவி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். எங்கள் முறையை விட்டால் மறுநாள் வரைக்கும் தண்ணீர் கிடையாது. பேர் எழுதியிருக்கு, பார்த்து ஊற்றுங்க என்று சகலையிடம் சொல்லிவிட்டு டிரம்மை உருட்டிக்கொண்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அவர் ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடித்தாள் போல வெறுமையாக இருந்தது. "சகல, ரோல் பூரா காலி. கேமராவுல ஃபிலிம் சரியா மாட்டாம சுத்தவே இல்ல போல. சும்மாவே அமுக்கியிருக்கீங்க" என்றார். மாமனார் எழுந்து செருப்பை மாட்டினார். கல்யாண அவசரத்தில் நானே சரியாக மாட்டாமல் விட்டிருப்பேன் என்று முழுதாக நம்பினேன். மச்சினியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் கழித்து அவள் கல்யாணப் புடவையைத் திரும்பவும் கட்டி, கடையில் மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு அதே மாட்டுங்கா ஸ்டுடியோவில் புருஷனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அதில் அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு நான் கேமராவைத் தொடவில்லை. விசேஷ வீடுகளில் என்னைப் பார்த்ததும் மாமனார், "வாங்க மாப்ளே, ஃபிலிம் போட்டிருக்கா?" என்பார். கூட்டமே சிரிக்கும். சகலையும் சிரிப்பார்.

ஆறு வருடம் கழித்து வாஷிக்கு வீடு மாறினோம். டேங்கையும் சாமான்களையும் விற்றுவிடலாம் என்று தகரப் பெட்டியோடு அந்த மாட்டுங்கா ஸ்டுடியோவுக்கே கொண்டு போனேன். வெறும் ரோலும் உள்ளே கிடந்தது. தண்டனை மாதிரி அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். ஸ்டுடியோக்காரர் எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தார். கேமரா கோளாறு என்றேன். அவர் தலையாட்டவில்லை. "படமே எடுக்காத ஃபிலிமா இருந்தாலும் டெவலப் பண்ணினா ஓரத்துல கம்பெனி நம்பர் தெரியும் சார். இதுல அதுவும் இல்ல. யாரோ முதல்லயே ஹைப்போவை ஊத்தியிருக்கா. உங்க படமெல்லாம் அதோட கழுவிண்டு போயிடுத்து" என்றார்.

பெயர் எழுதிய பாட்டில்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தமிழ் வாசிக்கத் தெரியாது என்று காட்டிக்கொள்ளாமல் சகலை இது எந்தப் பாட்டில் என்று எப்படிக் கேட்பார்? குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து ஊற்றியிருக்கிறார். ரயிலில் வரும்போது அந்த மனுஷனுக்காக எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. தெரியாமல் செய்தது தப்பில்லை. தெரிந்த பிறகு பழியை என் தலையில் போட்டாரே, அதுதான் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"எனக்குத் தெரியும். அக்கா அன்னைக்கே வந்து அழுதுட்டுச் சொல்லிட்டா" என்றாள்.

இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்டேன்.

"தமிழ் தெரியும்னு அப்பாகிட்ட பொய் சொல்லித்தானே அத்தான் அவளக் கட்டுனாவ. வெளிய தெரிஞ்சா அவ குடும்பம் என்ன ஆகும்? ஒங்களுக்கு என்ன, போட்டா எடுக்கத் தெரியாதுன்னு சொல்லுவாவ, அவ்வளவுதானே."

கணக்கு சரிதான். அவள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேனோ என்னவோ. மாமனார் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. சகலை இப்போது முலுண்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். போனால் அன்பாகத்தான் பேசுகிறார், நானும் பேசுகிறேன். அந்தப் பேச்சை இருவருமே எடுத்ததில்லை. அவரை என்னால் மன்னிக்க முடிந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு விசேஷத்திலும் மாமனார் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் என் மனைவி.