கோப்பையின் இன்னொரு பிடி

கன்னியம்மா இறந்த செய்தி வந்தபோது நான் காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்காகக் காத்திருந்தேன். அணுபுரத்தில் இருக்கும் அவளுடைய மகள் தேன்மொழி தொலைபேசியில் பேசினாள். "பெரிம்மா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றாள். எனக்குக் காது மந்தம். இரண்டாம் முறையும் சொல்லவைத்தேன். ஒரு மகளை அந்த வார்த்தையை இரண்டு முறை சொல்லவைத்தது இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் நாள் மறுபடி அழைத்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சிறிய நினைவு மலர் போடுகிறார்களாம். பள்ளிக்கூடத்துச் சிநேகிதி என்ற முறையில் நான் எழுத வேண்டும் என்றாள். "அப்புறம் பெரிம்மா, அம்மாவோட ஸ்கூல் போட்டோ ஒண்ணு உங்க வீட்டுலதான் இருக்குன்னு சொல்லுவாங்க. மலர்ல போட்டுட்டுத் திருப்பிக் குடுத்துடறோம்."

"தேடிப் பார்க்கிறேன்" என்றேன். தேட வேண்டியதில்லை. அது என் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவளைக் கன்னியம்மா சிஸ்டராக அறிந்தவர்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவம் பார்த்தவள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கும் பெண்களிடம் அவள் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு. வெக்கப்பட்டா வலி பூடுமா?" என் முதல் குழந்தைக்கு என்னிடமும் அதையே சொன்னாள். நான் எழுதப்போகும் கன்னியம்மா அதற்கும் முந்தியவள். ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டில் என்னோடு பதினோராம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

எங்கள் வீடு திருக்கழுக்குன்றத்தில். அப்பா செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. கன்னியம்மாவின் வீடு மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சேரியில். அவளுடைய அப்பா சவுக்குத் தோப்பில் மரம் வெட்டி, கால்வாயில் வரும் படகுகளில் விறகு ஏற்றும் கூலி வேலை செய்தார். பேருந்தில் அவள் முதலில் ஏறுவாள். நான் ஏறும்போது பக்கத்து இடத்தில் அவளுடைய புத்தகப் பை இருக்கும். ஒரு நாள், முந்தின நாள் மலைக்குக் கழுகு பார்க்க வந்து தங்கிவிட்டுத் திரும்பும் கூட்டம் பேருந்தை நிறைத்துவிட்டது. பெரிய மீசைக்காரர் ஒருவர் பையை எடுக்கச் சொல்லி அவளை அதட்டிக்கொண்டிருந்தார். "ஆளு வருது அண்ணாத்த. அம்மாம் பெரிய மலை ஏறுன உனக்கு இன்னும் கொஞ்சம் நிக்கறதா கஷ்டம்?" என்றவள், என்னைக் கண்டதும், "சுந்தரி, இங்க வா" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். எங்கள் தெருக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று மாலை அவளிடம், "பஸ்ஸில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பை மட்டும் இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பள்ளியில் பெண்களுக்கு வளையப்பந்து ஒன்றுதான் விளையாட்டு. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீச வேண்டும். எதிரில் இருப்பவர்கள் அதைக் கீழே விடாமல் ஒரே கையால் பிடித்துத் திருப்பி வீச வேண்டும். கன்னியம்மா வீட்டில் பழைய படகுக் கயிற்றைச் சுற்றி வளையம் செய்துவைத்துக்கொண்டு மணலில் பழகியவள். பள்ளியிலிருந்து மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனபோது அதை எடுத்துவந்தாள். கற்கோயில்களைப் பார்த்து முடித்த பிறகு டீச்சர் கடற்கரையில் விளையாட விட்டார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால் புதையும் மணலில் நாங்கள் இருவரும் வேர்த்துப்போகும்வரை ஆடினோம். அவளுடைய அம்மா சவுக்குத் தோப்பின் ஓரத்தில் வேகவைத்த வேர்க்கடலையோடு நின்றிருந்தார். "இவதாம்மா சுந்தரி" என்று என்னை அவர் முன்னால் நிறுத்தினாள். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எலும்பா கீதே இந்தப் பொண்ணு" என்று என் மடியில் இரண்டு கை கடலை கூடுதலாகப் போட்டார். அவளோடு எந்தக் குறையும் இல்லாமல் நான் இருந்த நாள் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் காஞ்சிபுரத்தில் நடந்த பள்ளிகளுக்கிடையேயான போட்டியில் இரட்டையர் ஆட்டத்தில் எங்கள் இருவருக்கும் கோப்பை கிடைத்தது. இரண்டு பக்கமும் பிடி வைத்த பெரிய வெள்ளிப் பூச்சுக் கோப்பை. வகுப்புப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரரிடம் தலைமையாசிரியை எங்களைத் தனியாகவும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். ஆளுக்கு ஒரு பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். "சிரிக்காதீங்கம்மா, ஆடிப்போயிடும்" என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து அவர் சொன்னதும் கன்னியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தில் அவள் வாய் கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

பிரதி வேண்டுமா என்று கேட்டபோது அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "எங்க வூட்ல கூரை ஒழுவுது. ஒரே மழைல பூடும். நீ வெச்சிக்கோ. அதுல ரெண்டு பேருந்தானே கீறோம்" என்றாள். பள்ளியிலிருந்த பிரதி பின்னால் கட்டடம் மாறும்போது தொலைந்துவிட்டது. ஆகவே எங்கள் இருவருக்குமாக உலகத்தில் இருந்தது என்னிடம் இருந்த அந்த ஒரு படம்தான்.

பரீட்சை முடிந்த கோடையில் எனக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் செங்கல்பட்டுக்காரர்கள். பெண்ணின் படம் ஒன்று வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். என்னிடம் நன்றாக விழுந்த வேறு படம் இல்லை. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பக்கத்துல நிக்கறது யாருன்னு கேப்பாங்களே" என்றாள். அப்பா செய்தித்தாளைப் பிரித்தார். அவர்கள் இருவருமே என்னிடம் எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தது நான். எனக்கும் கோப்பைக்கும் நடுவே வெட்டியிருந்தால் நான் மட்டும் சுத்தமாகத் தனியே வந்திருப்பேன். கோப்பையை விட மனம் வரவில்லை. அதற்கு அந்தப் பக்கமாக வெட்டினேன். அந்தப் பிடியைச் சுற்றியிருந்த அவளுடைய நான்கு விரல்கள் என் பக்கமே தங்கிவிட்டன. வெட்டிய துண்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

கல்யாணம் நடந்தது. என் மாமியாருக்கு அந்தப் படத்தில் அவ்வளவு பெருமை. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். கன்னியம்மாவுக்கு நான் பத்திரிகை அனுப்பவில்லை. அவளாகவே விசாரித்துக்கொண்டு, ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நர்ஸ் பயிற்சியில் சேர்ந்திருந்தாள், வெள்ளைப் புடவை. கூடத்தில் உட்காரவைத்துவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போனேன். திரும்பி வரும்போது மாமியார் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க சுந்தரி ஜெயிச்ச கப்பும்மா இது. எல்லாப் பள்ளிக்கூடத்தையும் தோக்கடிச்சு வாங்கினா."

"பாக்கறேம்மா."

"நீயும் அந்த ஸ்கூல்தானே? நீயும் ஆடுவியா?"

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நான் காபியை ஆற்றினேன். டபராவுக்கும் தம்ளருக்குமாக, தேவைக்கு மேல் பல முறை ஆற்றிக்கொண்டே இருந்தேன். நான் பேசுவதற்கு அவள் போதுமான நேரம் கொடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"இல்லம்மா. நான் ஓரமா நின்னுகினு பாப்பேன்" என்றாள்.

வாசல்வரை வழியனுப்பப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "அன்னிக்கு நகம் வெட்டிக்கினு வந்திருக்கணும் சுந்தரி. அழுக்கு தெரியுது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஏரிப் பக்கமாகத் திரும்பி அவள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம்.

அதன் பிறகும் அவள் என்னை விட்டுவிடவில்லை. என் இரண்டு பிரசவத்துக்கும் விடுப்புப் போட்டுவிட்டு வந்து கூட இருந்தாள். என் கணவர் இறந்தபோது பதினைந்து நாள் தங்கினாள். ஒரு முறை, இருவருக்கும் தலை நரைத்த பிறகு, "கன்னி, அந்தப் போட்டோ..." என்று ஆரம்பித்தேன். "உன் சர்க்கரை எவ்ளோ கீது, அதச் சொல்லு முதல்ல" என்று பேச்சை மாற்றிவிட்டாள். மாற்றியது அவள்தான் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் மறுபடி ஆரம்பித்திருக்கலாம். என் கணவரிடம் சொல்லியிருக்கலாம். படத்தைச் சுவரிலிருந்து இறக்கியிருக்கலாம். ஒன்றையும் செய்யவில்லை.

போன வாரம் தேன்மொழி படத்தை வாங்கிப்போக வந்தாள். ஆணியிலிருந்து கழற்றி அவள் மடியில் வைத்துவிட்டு, மேலே எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. கேட்டு முடித்து வெகுநேரம் அந்த நான்கு விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா வெளையாடுவாங்களா?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நாங்க சின்ன வயசுல கேட்டிருக்கோம் பெரிம்மா. ஸ்கூல்ல என்ன வெளையாடுவேன்னு. நான் ஓரமா நின்னு பாப்பேன்னுதான் சொல்லுவாங்க. எங்க அப்பாகிட்டயும் அதையேதான் சொல்லியிருக்காங்க."

என் மாமியாரிடம் எனக்காகச் சொன்ன ஒரு வார்த்தையை அவள் தன் வீட்டிலும் காப்பாற்றிவிட்டாள். எங்காவது யார் வாயிலாவது வந்து நான் பிடிபடக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. தேன்மொழி எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது இன்னும் பெரிய தண்டனையாக இருந்திருக்கும். படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். "இது வேணாம். அம்மா எப்படி ஆடினாங்கன்னு எழுதிக் குடுங்க. அதப் போட்டுக்கறோம்" என்றாள்.

அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது அநேகமாக நான் ஒருத்திதான். கன்னியம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதும் அதுதான். ஆகவே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் நல்ல வெயில். எதிரே நின்ற இரண்டு பெண்களும் எங்களைவிட உயரம். முதல் ஆட்டத்தில் தோற்றோம். இரண்டாவதில் கன்னியம்மா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "நீ வலைகிட்ட நில்லு, பின்னால வர்றத நான் பாத்துக்கறேன்" என்றாள். அவளுக்கு இரண்டு கையும் ஒன்றுபோல் வரும். வலது பக்கம் வந்ததை வலது கையிலும் இடது பக்கம் வந்ததை இடது கையிலும் பிடித்து, பிடித்த வேகத்திலேயே திருப்பி வீசினாள். தரையில் பாய்ந்து விழுந்து ஒரு முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. பாவாடையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு பக்கமும் இருபது இருபது. கடைசி வளையம் எல்லைக்கோடுவரை போய்விட்டது, இனிப் பிடிக்க முடியாது என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஓடி, முதுகைக் காட்டியபடியே எட்டி, இடது கையால் பிடித்து வீசினாள். அது எதிரே இருவருக்கும் நடுவில் விழுந்தது.

அந்த ஆட்டத்தில் என் கைக்கு வந்த வளையங்கள் மூன்று. மூன்றையும் கீழே விட்டேன். மற்றதெல்லாம் கன்னியம்மா பிடித்தது.