மடிக்கணினிக்கு ஒரு கவாத்து

இரண்டு ஆண்டுகளுக்கு முன், திராட்சை அறுவடை முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை, என் பழைய மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு ஓடைப்பட்டியிலிருந்து தேனிக்குப் பஸ் ஏறினேன்.

அந்த முறை கடைசி நேர மழையில் பழமெல்லாம் வெடித்துவிட்டது. மாதாமாதம் வீட்டுக்கு ஒரு வருமானம் தேவைப்பட்டது. வீட்டிலிருந்தே பிழை திருத்தும் வேலைக்கு ஒரு பதிப்பகத்தில் விண்ணப்பித்திருந்தேன். திங்கள் காலை தேர்வு. அவர்கள் அனுப்பிய மென்பொருளை என் கணினியில் ஏற்றி, அதில்தான் எழுத வேண்டும். ஆனால் கணினியின் சேமிப்பிடம் மிகச் சிறியது. விண்டோஸே பெரும்பகுதியை அடைத்திருந்தது. என் படங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் வெளியே மாற்றியும் இடம் போதவில்லை.

தேனியில் கணினிக் கடைக்காரர், இதில் சேமிப்பிடத்தைக் கூட்ட முடியாது, புதிது வாங்கிவிடுங்கள் என்றார். நான் எழுந்திருக்கும்போது, பிரிண்டர் பழுதுக்காகக் காத்திருந்த ஒருவர் பேச்சுக் கொடுத்தார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். ஏறக்குறைய என் வயது. தன் கடையின் பழைய கணினிகளில் வேண்டாததை நீக்கித்தான் ஓட்டுகிறாராம்.

"குடுங்கக்கா, இளைக்க வச்சுத் தாரேன்" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். மதியத்துக்குள் போதுமான இடம் கிடைத்தது. அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினேன்.

வீட்டில் மென்பொருளை ஏற்றி மாதிரித் தேர்வைத் திறந்தால், தமிழுக்குப் பதில் வரிசை வரிசையாக வெறும் கட்டங்கள். தமிழில் தட்டச்சு செய்யும் வசதியும் காணோம். அவரை அழைத்துச் சொன்னேன். அவர் கடை பில்லெல்லாம் ஆங்கிலம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலம் தவிர மற்ற மொழிகளை மொத்தமாக நீக்கியிருக்கிறார்.

"தப்பு என்னோடதுதான்க்கா. நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் அங்கன வாரேன்" என்றார்.

சொன்னபடி மறுநாள் ஸ்கூட்டரில் வந்தார். திராட்சைப் பந்தலிலிருந்து திரும்பிய என் கணவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"கவாத்து பண்றேன்னு காய்க்கிற கணுவையே வெட்டிப்புட்டீகளே."

"ஏலக்கா யாவாரிகிட்ட திராட்சைக் கொடியக் குடுத்தா இப்படித்தாண்ணே" என்று அவரும் சிரித்தார்.

விண்டோஸை மறுபடி முழுதாக ஏற்றினார். இந்த முறை ஒவ்வொன்றையும் என்னைக் கேட்டே நீக்கினார். விளையாட்டுகள் போயின, வரைபடம் போனது, தமிழ் இருந்தது. ஆனால் இடம் மறுபடியும் போதவில்லை. அவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். மீதியையும் தூக்கிப் போடாமல், பீரோவில் சேலையை மடித்து வைப்பதுபோல் வைக்க முடியாதா என்று கேட்டேன்.

"முடியும். கொஞ்சம் மெதுவா ஓடும், பரவால்லயா?"

கோப்புகளைச் சுருக்கியே வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் கணினி தானாக விரித்துப் படித்துக்கொள்ளும் ஏற்பாடாம் அது. கடையில் வேகம் முக்கியம் என்பதால் அவர் அந்தப் பக்கமே போனதில்லை. கட்டளையைக் கொடுத்துவிட்டு மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். கறிச்சோறு முடிந்தும் வேலை முடியவில்லை. ஒருவழியாக முடிந்தபோது தேவைக்குமேல் சற்றே இடம் மிஞ்சியிருந்தது. மென்பொருளை மறுபடி ஏற்றி மாதிரித் தேர்வைத் திறந்தேன். பத்தி முழுக்கத் தமிழ். அதிலிருந்த பிழைகளோடு சேர்த்து அவர் அதை உரக்க வாசிக்க, என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

தேர்வில் தேறினேன். அதே கணினியில்தான் இன்றும் வேலை பார்க்கிறேன். சற்று மெதுவாகத்தான் திறக்கும். முன்பின் தெரியாத ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துத் தன் தவறைச் சரிசெய்ததை நினைத்துக்கொள்ள அந்த நேரம் போதும். அடுத்தவர் எழுதியதில் ஒரு வரியை வேண்டாததென்று அடிக்கப் போகும்போதெல்லாம், அது யாருக்காவது வேண்டியதாக இருக்குமோ என்று இப்போது கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.