காலில் காற்று அளக்கும் வேலை

தோல் வழியே கசியும் ஆக்ஸிஜனை அளக்கிற மிஷினின் சென்சாருக்கு, ஒட்டு வளையம் ஒட்டி, சொட்டுத் திரவம் விடுவதுதான் என் வேலை. ஆறாத புண்ணோடு வருகிறவர்களுக்கான கிளினிக் இது. நம்பர் ஏறினால் புண் ஆறும். ஏறாவிட்டால் காலை எங்கே வெட்டுவது என்று டாக்டர் யோசிப்பார். நம்பர் ஒரு இடத்தில் நிற்கும்வரை சும்மா உட்கார வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. காத்திருக்கிற வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கடுப்பு புரியும்.

பாட

சென்சாரின் வாயில் மெல்லிசாக ஒரு சவ்வு உண்டு. சிந்து சிஸ்டர் அதை 'பாட' என்பார். பால்மேல் படிகிற ஆடைக்கு மலையாளத்தில் அதுதான் பேர். தம்பானூர் டீ மாஸ்டர் செல்லையா அண்ணாச்சி கறுத்துப்போன கால்விரல்களோடு முதல்தடவை வந்தபோது, "அண்ணாச்சிக்கு பாட ரெடியாக்கு மோளே" என்று சிஸ்டர் சத்தமாகச் சொன்னார். அண்ணாச்சியின் மனைவி எழுந்து நின்றுவிட்டார்.

"விரலுக்கு வைத்தியம்னு வரச்சொல்லிட்டு, மனுசன் உக்காந்திருக்கும்போதே பாடையா கட்டுதீக?"

சூடு

சென்சார் தோலைச் சூடாக்கித்தான் அளக்கும். ஒன்றைப் பாதத்திலும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றை நெஞ்சிலும் ஒட்டுவோம். சர்க்கரை வியாதியில் அண்ணாச்சியின் பாதம் மரத்துப் போயிருந்தது. ஒருதரம் கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டி, பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம்.

"சுடுதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு காலில் சூட்டைத் தேடினார். ரொம்ப நேரம் தேடினார்.

"சுட்டா நல்லாத்தான் இருக்கும் பிள்ளே. நெஞ்சுல மட்டுந்தான் சுடுது."

மூச்சு

அன்றைக்கு நம்பர் படுமோசம். நான் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. என் முகம் சொல்லிவிட்டது போல. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கீழே டீக்கடையில் யாரோ டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு புஸ் புஸ்ஸென்று மூச்சை இழுத்துவிட ஆரம்பித்தார்.

"எந்தா அண்ணாச்சி இது?" என்றார் சிஸ்டர்.

"இழுக்கிற காத்தைக் காலுக்கு அனுப்பிப் பாக்கேன்."

நம்பர்

ரத்தக்குழாய் அடைப்பை எடுத்த பிறகு மறுபடி வந்தார். வளையம் ஒட்டி, சொட்டு விட்டேன். நம்பர் ஏறியது, நின்றது, இன்னும் கொஞ்சம் ஏறியது. ஏறித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "விரல் ரெண்டு போகும். காலு நில்க்கும்" என்றார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போவட்டும் சார். கால்விரல வச்சா டீ ஆத்துதேன்? நிக்கக் கால் இருந்தாப் போதும்."

பிளஸ் டூவில் என் மார்க் ஏறணும் என்று இதில் பாதி ஏங்கியிருந்தால், நான் இந்த மிஷின் பக்கமே வந்திருக்க மாட்டேன்.